சந்திப்பை அடைத்தீர்கள், திரும்பும் இடத்தையும் கட்டித் தாருங்கள்



யாங்கூனில் ஒரு பெருஞ்சாலையைக் குறுக்கே கடந்து எதிர்த் தெருவுக்குப் போவது இன்றைக்குப் பெரும்பாடாகிவிட்டது. பியே சாலை, கபாயே பகோடா சாலை போல நடுவில் தடுப்பு போட்ட சாலைகளில் பல சந்திப்புகள் நேர்ப்போக்குக்கு உதவுவதில்லை. சில இடங்களில் இடப்பக்கம் திரும்பக் கூடாது என்று பலகை, சில இடங்களில் கான்கிரீட் தடுப்பே குறுக்கே நிற்கிறது. இங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுவதால், நேரே போக வேண்டியவர் முதலில் வலப்பக்கம் திரும்ப வேண்டும். பிறகு ஓடுகிற வண்டிகளுக்கு நடுவே புகுந்து புகுந்து தடுப்போரம் ஒதுங்கி, இடைவெளி விட்டிருக்கிற இடத்தில் யூ-டர்ன் அடித்து, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி, மறுபடி வலப்பக்கம் ஒடித்தால்தான் எதிரே இருந்த தெருவுக்குள் நுழைய முடியும்.

யூ-டர்ன் முறையே தவறு என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1960களிலிருந்தே இந்த ஏற்பாடு இருக்கிறது. டெட்ராய்ட் நகரத்தின் எட்டு மைல் சாலையில்தான் அது முதலில் வந்தது.  அங்கே திரும்பும் இடம் சந்திப்பிலிருந்து சுமார் 200 மீட்டர் தள்ளி இருக்கும். நடுத்திட்டு அகலமானது, திரும்பக் காத்திருக்கும் வண்டிக்கென்று தனி லேன் உண்டு, பல இடங்களில் சிக்னலும் உண்டு. குறுக்கே மோதிக்கொள்ளும் விபத்துகள் இந்த முறையில் குறைகின்றன என்பதை நான் மறுக்கவில்லை. பாங்காக்கில் யூ-டர்னுக்கென்றே பாலங்கள் கட்டியிருக்கிறார்கள். சென்னையில் ராஜீவ் காந்தி சாலையில் இந்திரா நகர் அருகே 2023 நவம்பரில் அப்படி ஒரு மேம்பாலம் திறந்தார்கள். இந்த ஊர்களிலெல்லாம் நேர்வழியை எடுத்துக்கொண்டவர்கள் பதிலுக்கு ஒன்றைக் கட்டிக் கொடுத்தார்கள். இங்கே எடுத்துக்கொண்டதோடு வேலை முடிந்துவிட்டது.

நம் நடுத்தடுப்புகள் பெரும்பாலும் ஒடுக்கமானவை. திரும்பக் காத்திருக்கும் கார் அதற்குள் அடங்காது, அதன் பின்பகுதி ஓடும் லேனிலேயே நீட்டிக்கொண்டிருக்கும். பின்னால் வேகமாக வருகிறவர் கடைசி நேரத்தில் வலப்பக்கம் வெட்டுகிறார், அவருக்குப் பின்னால் வருகிறவர் பிரேக் அடிக்கிறார். ஒய்.பி.எஸ். நகரப் பேருந்து ஒன்று திரும்பினால் இன்னும் மோசம். முழு நீளப் பேருந்து ஒரே மூச்சில் வட்டமடிக்க 20 மீட்டருக்கும் மேல் அகலம் வேண்டும். அந்த அகலம் எங்கே இருக்கிறது? அது எதிர்ச் சாலையின் எல்லா லேன்களையும் மறித்து, ஓரம்வரை போய், சில இடங்களில் பின்னால் எடுத்து மறுபடி முன்னேறி நிமிர்வதற்குள் இரண்டு பக்கமும் வண்டிகள் குவிந்துவிடுகின்றன. நெரிசலைக் குறைக்க அடைத்த சந்திப்பு, நெரிசலைச் சற்றுத் தள்ளிக் கொண்டுபோய் வைத்திருக்கிறது.

அந்த ஊர்களின் வரைபடங்களில் இல்லாத ஆபத்து ஒன்றும் இங்கே சேர்ந்துகொள்கிறது. 1970 டிசம்பர் 6 அன்று ஜெனரல் நே வின் ஆட்சி, நாடு முழுவதும் வண்டிகளைச் சாலையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றியது. போக்குதான் மாறியது, வண்டிகள் மாறவில்லை. அதற்குப் பிறகும் பல்லாண்டுகள் ஜப்பானிலிருந்து வலப்பக்க ஸ்டியரிங் கார்களே வந்துகொண்டிருந்தன. 2011இல் இறக்குமதி தளர்ந்தபோது கப்பல் கப்பலாக வந்திறங்கியவையும் அவைதான். 2017 முதல்தான் புதிதாக இறக்குமதியாகும் கார்களுக்கு இடப்பக்க ஸ்டியரிங் வேண்டும் என்ற விதி வந்தது. பழையவை இன்றும் ஓடுகின்றன. டாக்சியாக ஓடும் ப்ரோபாக்ஸ் கார்களைப் பார்த்தாலே தெரியும்.

வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டும் ஒருவர் யூ-டர்னுக்காக லேன் லேனாக இடப்பக்கம் நகர வேண்டியிருக்கிறது. அவருக்குப் பின்னால் வருவது சரியாகத் தெரியாத பக்கமே அந்த இடப்பக்கம்தான். அருகே உட்கார்ந்திருப்பவர் தலையைத் திருப்பிப் பார்த்து "வரலாம், வரலாம்" என்று சொன்னால் உண்டு. தனியாக ஓட்டுகிறவர் கண்ணாடியையும் கடவுளையும் நம்பி நகர்கிறார். திரும்பும் இடத்தில் எதிர்த்திசையிலிருந்தும் ஒரு வண்டி காத்திருந்தால், அதற்கு அப்பால் பாய்ந்து வருவது தெரிய, ஓட்டுபவர் தடுப்பை ஒட்டி இடப்பக்கம் உட்கார்ந்திருக்க வேண்டும். நம் டிரைவர் உட்கார்ந்திருப்பதோ மறுபக்கம். நேரே கடந்தால் ஒரே ஒரு இடத்தில் கவனமாக இருந்தால் போதும். இப்போது இடப்பக்கம் நகர்வது, வட்டமடிப்பது, மறுபடி வலப்பக்கம் நகர்வது என்று மூன்று ஆபத்துகள். நம் சாலையை வடிவமைப்பவர்கள் ஒருமுறையாவது வலப்பக்க ஸ்டியரிங் வண்டியில் உட்கார்ந்து இந்தத் திருப்பத்தை எடுத்துப் பார்த்திருந்தால் இப்படி விட்டிருக்க மாட்டார்கள்.

நடந்து போகிறவர்கள் பாடு இதைவிட வேதனை. யாங்கூனின் பெரும்பகுதியில் மோட்டார் சைக்கிளுக்குத் தடை இருப்பதால், கார் இல்லாதவருக்குப் பேருந்தும் டாக்சியும் கால்களும்தான். சுற்றிப் போனால் பெட்ரோலும் நேரமும் வீண் என்பதால் டாக்சிக்காரர்கள் எதிர்ப்பக்கத்திலேயே இறக்கிவிடப் பார்க்கிறார்கள். அவர்களையும் குறை சொல்வதற்கில்லை. போன மாதம் கோயிலுக்குப் போகும் வயதான அம்மா ஒருவரோடு டாக்சியில் போனேன். ஓட்டியவர் நம் தமிழ்ப் பிள்ளைதான். "அம்மா, இந்தப் பக்கமே இறங்கிக்கிறீங்களா? சுத்தி வந்தா ரெண்டாயிரம் கியாட் கூடக் கேக்கணும்" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். நான் பணம் எடுப்பதற்குள் அம்மா இறங்கிவிட்டார். நடைமேம்பாலம் தூரத்தில் இருந்தது, அந்தப் படிகளை ஏற அவர் முழங்கால் விடாது. நடுத்தடுப்பில் யாரோ ஒரு கம்பியை வளைத்து வழி செய்திருந்தார்கள். ஒரு கையில் பால் தூக்கு, மறு கையால் சேலைக் கொசுவத்தைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அந்த இடுக்கில் உடம்பை ஒடுக்கி அவர் நுழைந்தார். மறுபக்கம் யூ-டர்ன் எடுத்து வந்த வேன் ஒன்று அவர் காலருகே வந்து நின்றது. அந்தக் கம்பி வளைந்திருக்கிற ஒவ்வொரு இடமும், அங்கே மக்கள் கடந்தாக வேண்டும் என்பதற்கான மனு. அதைப் படித்துப் பார்க்க ஆளில்லை.

நோயாளி வண்டிகளையும் நினைத்துப் பாருங்கள். இந்த ஊரில் எத்தனையோ தர்ம அமைப்புகள் இலவசமாக ஆம்புலன்ஸ் ஓட்டுகின்றன. சைரன் அலற வருகிற வண்டியும் கான்கிரீட் தடுப்பை ஏறித் தாண்ட முடியாது. அதுவும் வரிசையில் நின்றுதான் திரும்ப வேண்டும்.

நிர்வாகத்தின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. மின்வெட்டு வந்தால் சிக்னல்கள் அணைந்துவிடும், அப்போது நாற்சந்தியில் நான்கு பக்கமும் முட்டிக்கொண்டு நிற்கும். யூ-டர்னுக்கு மின்சாரம் வேண்டாம். ஆனால் சிக்னலுக்குச் சூரிய மின்தகடும் பேட்டரியும் பொருத்துவது எட்டாத வித்தையில்லை. 2013இல் லேடான் சந்திப்பில் மேம்பாலம் கட்டியவர்கள், அதைத் தொடர்ந்து ஷ்வேகொண்டையிலும் மியேநிகோனிலும் கட்டியவர்கள், இந்தச் சிறு செலவுக்குத் தயங்க வேண்டியதில்லை. மேம்பாலத்துக்குத் திறப்பு விழா உண்டு. கடவுப் பாதைக்குக் கோடு போடுவதற்கு விழா இல்லை. அதனால்தான் அது நடப்பதில்லை என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தடுப்புகளையெல்லாம் இடிக்கச் சொல்லிக் கேட்கவில்லை. அகலம் போதாத இடங்களில் யூ-டர்னை மூடிவிட்டுப் பழையபடி சிக்னலோடு நேர்வழியைத் திறக்கட்டும். அகலம் உள்ள இடங்களில் காத்திருக்கத் தனி லேன் ஒதுக்கட்டும், பேருந்து திரும்ப ஓரத்தை அகலப்படுத்தட்டும், எங்கே திரும்பலாம் என்று போதுமான தூரத்துக்கு முன்பே பர்மிய மொழியில் பெரிய பலகை வைக்கட்டும். இரவில் அங்கே வெளிச்சமும் இருக்கட்டும். நடப்பவர்கள் தரையிலேயே கடக்க வழி விடட்டும். ஆம்புலன்ஸ் வந்தால் நகர்த்தக்கூடிய தடுப்பாக, ஆஸ்பத்திரிகளுக்கு அருகிலாவது வைக்கட்டும். ஒரு சந்திப்பை அடைப்பதற்கு முன் அந்த வட்டாரத்துக் கடைக்காரரையும் டாக்சிக்காரரையும் பேருந்து ஓட்டுநரையும் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கட்டும். தினமும் அந்த இடத்தில் நிற்பவர்கள் அவர்கள்தான்.

ஆசிரியர் அவர்கள் இக்கடிதத்தை வெளியிடுவதோடு, பர்மிய மொழியில் பெயர்த்து உரிய அதிகாரிகளுக்கு அனுப்பவும் ஏற்பாடு செய்ய வேண்டுகிறேன். வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: உங்கள் வீட்டருகே அடைபட்ட சந்திப்பு எது, திரும்பும் இடம் எவ்வளவு தூரம், எந்த நேரத்தில் நெரிசல், எங்கே கம்பி வளைந்திருக்கிறது என்று எழுதி வார்டு அலுவலகத்தில் கொடுங்கள். அதன் நகல் ஒன்றை இந்த இதழுக்கும் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
யாங்கூன்.