ஹெட்மாஸ்டருக்கு டி.சி.!

ஜூன் வரப் போகிறது. நீங்கள் எல்லாம் யூனிஃபார்ம் துணி, ஷூ, வேன் ஃபீஸ் என்று பி.எஃப். லோன் பாரத்தைத் தேடிக் கொண்டிருப்பீர்கள். நான் ஒரு எவர்சில்வர் தட்டைப் பரண் மேல் தூக்கிப் போட்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன். தட்டுக்கும் ஜூனுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? போன வருஷம் எங்கள் வீட்டு ஸ்கூலுக்கு அதுதான் மணி.

ஆமாம் சார், வீட்டு ஸ்கூல். ஊர் சிவகாசியை ஒட்டிய நாரணாபுரம். நான் காலண்டர் அச்சகத்தில் பில் போடுகிறவன். பெண்ணுக்கு ஏழு முடிந்து எட்டு, பையனுக்கு ஐந்து. இரண்டு வருஷம் ஸ்கூலுக்குப் போனதில் பெண் கற்றுக் கொண்டது ஒன்றுதான் - வாயைத் திறக்காமல் இருப்பது. வீட்டில் கிளி மாதிரிப் பேசுவாள். புத்தகத்தை நீட்டி 'வாசி' என்றால் உதடு ஒட்டிக் கொள்ளும். (ஸ்கூல் பெயர் வேண்டாம். ஒரு கிளாஸில் அத்தனை பிள்ளைகள் இருந்தால் அவர்கள்தான் என்ன செய்வார்கள்?) சரி, கொஞ்ச நாள் வீட்டிலேயே சொல்லித் தருவோம் என்று நானும் மனைவியும் முடிவு செய்தோம்.

ஆபீஸில் சொன்னதும் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, "சட்டப்படி சரியாப்பா?"

கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் வந்து, 2010 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. 6 முதல் 14 வயது வரை படிப்பு பிள்ளையின் உரிமை. பள்ளியில் சேர்ப்பது பெற்றோர் கடமை என்றும் அதில் இருக்கிறது. ஆனால் வீட்டில் சொல்லிக் கொடுத்தால் இன்ன தண்டனை என்று எழுதவில்லை. ஆக, நான் பாஸ் வைத்திருக்கிறவனா, வித்அவுட்டா என்று கண்டக்டருக்கே தெரியாத நிலைமை! பின்னால் பரீட்சைக்கு வழி இருக்கிறது. பன்னிரண்டரை வயது முடிந்தால் எட்டாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். 14 ஆனால் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பத்தாவது. இடையில் மனசு மாறினாலும் வயசுக்கு ஏற்ற வகுப்பில் சேர்த்துக் கொள்ள வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. எனக்கு ராத்திரி தூக்கம் வந்தது அந்த ஒரு வரியால்தான்.

வெளிநாட்டில் இதெல்லாம் சகஜம். அமெரிக்காவில் ஜான் ஹோல்ட் என்பவர் 1977-லேயே இதற்கென்று தனிப் பத்திரிகை நடத்தினார். 1993 வாக்கில் அங்கே 50 மாநிலங்களிலும் சட்டப்படி செல்லும் என்று ஆகிவிட்டது. ஜெர்மனியில் கூடவே கூடாது, பள்ளிக்கூடம் போயே தீர வேண்டும். நான் அமெரிக்காவை மட்டும் படித்துவிட்டு களத்தில் குதித்தேன்.

குதித்தவன் சும்மா குதித்தேனா? அச்சகத்தில் வேலை பார்க்கிற திமிர். ஆர்ட் கார்டில் நாலு கலரில் டைம்டேபிள் அடித்து, லாமினேஷன் போட்டு ஹாலில் மாட்டினேன். 9.15 பிரேயர். 9.30 தமிழ். 10.15 கணக்கு. டாண் டாண் என்று தட்டில் கரண்டியால் மணி. நான் 9 மணிக்கே டி.வி.எஸ். ஃபிப்டியை மிதித்துக் கிளம்பிவிடுவதால் மணியடிப்பது, பாடம், சமையல் எல்லாம் மனைவி. சாயங்காலம் வந்து இன்ஸ்பெக்ஷன் மட்டும் நான். தப்பு இருந்தால் அம்பது தடவை இம்போசிஷன்.

கார்த்திகை மாதம் ஒரு நாள், லீவு என்று நானே மணி அடித்தேன். பெண்ணைக் காணோம். தேடினால் பாத்ரூமுக்குள் கதவைச் சாத்திக் கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அழவில்லை. சத்தமே இல்லை.

மனைவி தட்டை என் கையிலிருந்து வாங்கினாள். "ஏங்க, ஸ்கூலுக்குப் பயந்துதானே வீட்ல வச்சோம்? நீங்க அந்த ஸ்கூலையே வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்துட்டீங்களே. அங்கயாவது நாலு மணிக்கு மணியடிச்சா வீட்டுக்கு ஓடி வந்துரலாம். இங்கருந்து பிள்ள எங்க ஓடும்?"

அன்றைக்கு டைம்டேபிள் திரும்பி சுவரைப் பார்த்தது. அதற்கப்புறம் பொங்கல் வரை படிப்பே இல்லை என்று சொல்லலாம். காலண்டர் சீசன் வேறு. நான் வீட்டுக்கு வந்ததே தூங்கத்தான்.

இந்த விஷயத்தில் ஆரம்பத்திலிருந்தே முறைத்துக் கொண்டிருந்த ஆள் ஒருத்தி உண்டு. என் அம்மா. அவள் முறைப்புக்குக் காரணம் வேண்டுமென்றால் நீங்கள் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த கதை எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். குட்டி ஜப்பான் பட்டமும் தெரியும். அந்தக் குட்டி ஜப்பானில் என் அம்மா குட்டியாக இருந்தபோது, விடிகாலை மூன்றரை நாலுக்குக் கிராமத்துக்கு ஃபேக்டரி பஸ் வரும். தூங்குகிற பிள்ளைகளைத் தூக்கிக் கொண்டு வந்து ஏற்றுவார்கள். அம்மா வெம்பக்கோட்டைப் பக்கம். எட்டு வயசில் பஸ் ஏறினவள். கட்டையில் தீக்குச்சி அடுக்குவாள். ராத்திரி திரும்பினால் வீட்டில் பெட்டி ஒட்டுகிற வேலை. பள்ளிக்கூட வாசலை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. 1990-ல் 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்று ஒரு டாகுமெண்டரி வந்தது. அதை ஒருமுறை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். பாதியில் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சட்டம் 1986-ல் வந்தது. தேசிய குழந்தைத் தொழிலாளர் திட்டம் 1988-ல் வந்தபோது முதலில் தொடங்கிய இடங்களில் சிவகாசியும் ஒன்று. 1996 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட், எம்.சி. மேத்தா போட்ட வழக்கில், வேலைக்கு வைத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது. கொஞ்சம் கொஞ்சமாக அந்த பஸ்கள் நின்றன. ஆறாவதோடு படிப்பை நிறுத்திய விருதுநகர்க்காரர் ஒருவர் முதலமைச்சராகி 1956-ல் ஊர் ஊராக மதியச் சோறு போட்டதும், இவ்வளவு பக்கத்தில் இருந்த என் அம்மாவுக்கு எட்டவில்லை. ஆனால் என்னை அவள் ஒரு நாள்கூட வீட்டில் நிறுத்தியதில்லை. காய்ச்சல் என்றாலும் பையை மாட்டி அனுப்புவாள்.

அப்படிப்பட்டவளிடம் போய், "பிள்ளைகள ஸ்கூலுக்கு அனுப்பலம்மா, வீட்லயே இருக்கட்டும்" என்றால்?

"ஏய்யா, இந்த ஊர்ல பிள்ளைய பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாம வீட்ல வச்சா அதுக்கு என்ன பேருன்னு உனக்குத் தெரியாது?" என்றாள். அதோடு என்னிடம் பேச்சு பாதி குறைந்தது.

பொங்கலுக்கு அப்புறம் படிப்பு தானாக வேறு ரூட்டில் கிளம்பியது. அச்சகத்துக் கட்டிங் வேஸ்ட் பேப்பரை வீட்டுக்குக் கொண்டு வந்து போட்டேன். ஒரு ஷீட்டை ஒரு தரம் மடித்தால் 4 பக்கம், இரண்டு தரம் மடித்தால் 8, மூன்று தரம் என்றால் 16. மடித்தபடியே பக்க நம்பர் போட்டுவிட்டுப் பிரித்தால் 1-க்குப் பக்கத்தில் 16 இருக்கும், 8-க்குப் பக்கத்தில் 9. முதுகு மடிப்புக்கு இரண்டு பக்கமும் இருக்கிற நம்பரைக் கூட்டினால் எப்போதும் 17! அச்சகத்தில் ஃபாரம் கட்டுகிறவர்களுக்கு இது பால பாடம். என் பெண் இதை அவளாகவே கண்டுபிடித்துவிட்டு வீடு முழுக்க ஓடினாள். உடனே 32 பக்கத்துக்கு எவ்வளவு என்று தம்பியைக் கேட்டாள். (33. தம்பி 'நூறு' என்றான்.)

வாய்ப்பாடு? அது அம்மா ஸப்ஜெக்ட். எழுத்துத் தெரியாதே தவிர, குரோஸ் கணக்கில் அவளை அடிக்க ஆள் கிடையாது. "குரோசுன்னா பன்னண்டு டஜன், நூத்தி நாப்பத்தி நாலு. ஆறு குரோஸ் எவ்வளவு?" என்று கேட்டுவிட்டு, நான் ஃபோனை எடுப்பதற்குள் "எண்ணூத்தி அறுபத்தி நாலு" என்பாள். நாலு மாசம் தட்டில் மணியடித்து நான் ஏற்ற முடியாத பன்னிரண்டாம் வாய்ப்பாட்டை, அப்பத்தாவோடு தோட்டத்தில் வெள்ளைப்பூண்டு உரித்தபடி ஒரே வாரத்தில் பெண் பிடித்துவிட்டாள். என்னோடு பேசாவிட்டாலும் பேத்தியோடு பேசுகிறாளே!

ஏப்ரல் கடைசி. சனிக்கிழமை பதினோரு மணி. ஹாலில் பேப்பர் கட்டு. நடுவில் என் பெண், முழங்கை வரை பசை, மடித்த தாளை நோட்டாக ஒட்டிக் கொண்டிருக்கிறாள். பையன் நூல்கண்டைப் பிடித்திருக்கிறான். வாசலில் ரிஜிஸ்டரோடு ஒரு டீச்சரம்மா.

"பள்ளி செல்லாக் குழந்தைகள் கணக்கெடுக்க வந்திருக்கோம் சார்..." என்றவர் உள்ளே பார்த்தார். பசையைப் பார்த்தார். பண்டலைப் பார்த்தார். என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, போலீஸ் ஸ்டேஷனில்கூட அப்படிப் பார்க்க மாட்டார்கள்.

"பிள்ளைகளுக்கு ஒரு நோட்டுக்கு என்ன கூலி சார்?"

அடித்துப் பிடித்து விளக்கினேன். இது பாடம் மேடம், செயல்வழி... (2016 சட்டத் திருத்தத்தில் பள்ளி நேரம் போக, லீவு நாளில் பிள்ளை குடும்பத்துக்கு உதவலாம் என்று இருக்கிறது. எங்கள் வீட்டில் பள்ளி நேரமே இல்லையே, எதைப் போக?) அவர் நல்ல மாதிரி. பொறுமையாகக் கேட்டார். பிறகு குனிந்து, "பாப்பா, இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுக் காட்டு பார்ப்போம்" என்று சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைக் காட்டினார்.

பெண் வாயைத் திறக்கவில்லை.

ஐந்து நிமிஷம். பசை காய்ந்து கொண்டிருந்தது. டீச்சரம்மா ரிஜிஸ்டரில் ஏதோ எழுதிக் கொண்டு, "ஜூன்ல எந்த ஸ்கூல்னாலும் சேர்த்திருங்க சார்" என்று தன்மையாகச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அவமானமாக இருந்தது. அம்மாவைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அம்மாதான் பேசினாள். "ஆடி பதினெட்டு வரைக்கும் கெடு. அன்னிக்கி இந்தக் காலண்டர் தாள மேலருந்து கீழ வரைக்கும் பிள்ள வாசிக்கணும். இல்லேன்னா மறுநாள் நானே கையப் பிடிச்சுப் பள்ளிக்கூடத்துல விட்ருவேன். ஒன் சட்டமெல்லாம் எங்கிட்ட வேகாது."

நாளை நன்றாகத்தான் பார்த்துப் பிடித்திருக்கிறாள். சிவகாசியில் அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பம் வெளிவருவதே ஆடிப்பெருக்கு அன்றுதான். ஆர்டர் பிடிக்கிறவர்களுக்குப் புது வருஷம் ஆகஸ்டிலேயே பிறந்துவிடும்.

ஆக இந்த வருஷத் திட்டத்துக்கு டைம்டேபிள் கிடையாது. மணி பரணில். ஹெட்மாஸ்டர் போஸ்ட்டிலிருந்து எனக்கு டி.சி. கிழித்தாயிற்று. காலையில் காலண்டர் தாள் கிழிக்கிற உரிமை பெண்ணுக்கு. கிழித்தால் வாசிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வாய் தவறிக்கூடச் சொல்லக் கூடாது என்பது மனைவி உத்தரவு. சாயங்காலம் நான் ஒரு மணி நேரம். அதுவும் கேட்டால்தான். பட்டாசு மருந்து இருக்கிற திசைக்குக்கூடப் பாடம் என்ற பெயரில் கூட்டிப் போகக் கூடாது. ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை எனக்கு சீசன் என்பதால், அந்த ஐந்து மாசம் என்னை ஸ்டாஃப் லிஸ்டிலேயே சேர்க்கவில்லை. இதெல்லாம் மனைவி போட்ட பிளான். வேஸ்ட் பேப்பரில் பென்சிலால் எழுதியிருக்கிறாள். லாமினேஷன் கிடையாது.

போன வாரம்தான் ஒரு சிக்கல் வந்தது. அம்மா எங்கேயோ விசேஷத்துக்குக் கிளம்ப வேண்டும். நான் குளிக்கிறேன். மனைவி கடைக்குப் போயிருக்கிறாள்.

"ஏ தாயி, ராகு காலம் எப்பன்னு பாத்துச் சொல்லு. எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு."

பாத்ரூமுக்குள் தண்ணீரை நிறுத்திவிட்டு நான் காதைத் தீட்டினேன். ரொம்ப நேரம் ஒன்றும் இல்லை. பிறகு மெதுவாக, எழுத்து எழுத்தாக, "ரா... கு... கா... ல... ம்... பத்தரை... பன்னண்டு." வெள்ளிக்கிழமை. சரிதான்!

"இதென்ன கீழ நீளமா ஒண்ணு?"

"சந்... சந்திரா... அப்பத்தா, இது கஷ்டமா இருக்கு. திரும்பி வாங்க, சொல்றேன்."

பரீட்சை என்று யாரும் கேட்கவில்லை. அவசரத்துக்குக் கேட்டாள் கிழவி. பெண் சொன்னாள். நான் சோப்பு நுரையோடு நின்று கொண்டிருந்தேன்.

இதில் அம்மாவுக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. ராத்திரி என்னிடம், மாசக்கணக்கில் முதல் முறையாக முழு வாக்கியத்தில் பேசினாள். "அவ சரியாத்தான் வாசிக்கிறாளா, இல்ல வாய்க்கு வந்தத அடிச்சு விடுறாளான்னு ஆடி பதினெட்டுல எனக்கு எப்படித் தெரியும்?"

"நான் சொல்றேம்மா."

"நீ ஒம் மகளுக்குத்தான் சாதகமாச் சொல்லுவ."

தேர்வு வைக்கிறவளுக்கே எழுத்துத் தெரியாது! 1990-களில் அறிவொளி இயக்க வகுப்புக்கு இரண்டு நாள் போய்விட்டு, பெட்டி ஒட்டுகிற வேலை தேங்குகிறது என்று நின்றவள். இப்போது தினம் சாயங்காலம் ஹாலில் மூன்று ஸ்டூடண்ட்ஸ். சிலேட்டு புதுசாக வாங்கிக் கொடுத்திருக்கிறேன். டீச்சர் என் பெண். பையன் ஆயனா, சூனா எல்லாம் எழுதிவிடுகிறான். அம்மாவுக்கு 'அ' சுழி மட்டும் உள்ளே போகாமல் வெளியே ஓடுகிறது.

நேற்று டீச்சர் குனிந்து பார்த்தாள். இடுப்பில் கை வைத்துக் கொண்டாள்.

"தப்பு அப்பத்தா. அம்பது தடவ எழுதுங்க."

அம்மா சிலேட்டைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து என்னைத்தான் பார்த்தாள்.