டைமிங் பெல்ட்: ஒரிஜினல் என்பது பெல்ட்டா, பெட்டியா?

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் ஏதாவது ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போய் டைமிங் பெல்ட் கேட்டுப் பாருங்கள். கவுண்டரில் இருப்பவர் முதலில் "என்ன வண்டி, என்ன வருஷம்?" என்பார். அடுத்து, "ஒரிஜினல் வேணுமாண்ணே, இல்ல வெளி கம்பெனி போதுமா?" என்பார்.

வில்லங்கம் எல்லாம் இந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது.

"ஒரிஜினல்" என்றால் கார் கம்பெனியின் பெயர் அச்சடித்த பெட்டி. "வெளி கம்பெனி" என்றால் பெல்ட் செய்கிறவரின் பெயர் அச்சடித்த பெட்டி. கார் கம்பெனிகள் பொதுவாக டைமிங் பெல்ட் செய்வதில்லை. கேட்ஸ், கான்டினென்டல், டேகோ, பாண்டோ மாதிரி பெல்ட் செய்கிற நிறுவனங்களிடம் வாங்கித்தான் என்ஜினில் மாட்டுகிறார்கள். ஆக, பல வண்டிகளில் இரண்டு பெட்டிக்குள்ளும் இருப்பது ஒரே தயாரிப்பாளரின் பெல்ட்! விலை மட்டும் வேறு. அப்படியானால் ஒரிஜினல் எது, பெல்ட்டா, பெட்டியா?

இந்தக் கேள்வியைக் கேட்டால் "கஞ்சத்தனம்" என்கிறார்கள். கஞ்சத்தனம் இல்லை. ஒரு வண்டியின் ஆயுளும், சில வீடுகளில் அடுப்பு எரிவதும் இந்தக் கேள்வியில் இருக்கிறது.

அந்த ரப்பர் பட்டை என்ன செய்கிறது?

என்ஜினின் கீழே கிராங்க் ஷாஃப்ட், மேலே கேம் ஷாஃப்ட். கீழே இரண்டு சுற்று சுற்றினால் மேலே ஒரு சுற்று சுற்ற வேண்டும். இந்தத் தாளம் தப்பாமல் பார்த்துக்கொள்வதுதான் பல் வைத்த அந்தப் பட்டையின் வேலை. முன்பு இதைச் சங்கிலியும் பல்சக்கரமும் செய்துகொண்டிருந்தன. 1962-ல் ஜெர்மனியின் கிளாஸ் நிறுவனம் தன் 1004 காரில் சங்கிலிக்குப் பதிலாக இந்தப் பெல்ட்டைப் போட்டு விற்றது. சத்தம் குறைவு, எடை குறைவு, தயாரிப்புச் செலவும் குறைவு. மற்றவர்களும் அதே வழியில் வந்தார்கள்.

கணக்கைக் கவனியுங்கள். சங்கிலியைத் தூக்கிவிட்டுப் பெல்ட் போட்டதில் மிச்சம் கார் கம்பெனிக்கு. அந்தப் பெல்ட்டைக் குறிப்பிட்ட கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றும் செலவு வாங்கியவருக்கு!

இன்று பல புது என்ஜின்கள் சங்கிலிக்கே திரும்பிவிட்டன. ஆனால் மாருதி 800, பழைய சான்ட்ரோ, ஆரம்ப கால இண்டிகா டீசல், ஃபிகோ டீசல், போலோ டீசல், டஸ்டர் டீசல் எல்லாம் பெல்ட் வண்டிகள்தான். செகண்ட் ஹேண்டிலும் மூன்றாவது கையிலும் இன்றும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

என்ஜின் 3,000 ஆர்.பி.எம்.மில் ஓடும்போது கேம் ஷாஃப்ட் நொடிக்கு 25 தடவை சுற்றுகிறது. அந்த நேரத்தில் பெல்ட் அறுந்தால் கேம் நின்றுவிடும், பிஸ்டன் நிற்காது. திறந்தபடி நிற்கும் வால்வின் மேல் பிஸ்டன் வந்து மோதும். வால்வு வளையும், சில சமயம் பிஸ்டனும் உடையும். எல்லா என்ஜினிலும் இப்படி நடக்காது. டீசல் என்ஜின் என்றால் பெரும்பாலும் இதுதான் கதி. தேய்ந்த சங்கிலியாவது கடகடவென்று சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கும். பெல்ட் பெரும்பாலும் சொல்லாமல் கொள்ளாமல் போகும்.

இரண்டு கட்சிகள்

இந்த விஷயத்தில் நம்மூரில் இரண்டு கட்சிகள் உண்டு.

ஒன்று, "ஓடுற வரைக்கும் ஓடட்டும்" கட்சி. இன்னொன்று, "கம்பெனி சர்வீஸ் சென்டர், கம்பெனி பெட்டி, முடியாதவன் கார் வைத்துக்கொள்ளக் கூடாது" என்ற கட்சி. முதல் கட்சியைத் திட்டுவது சுலபம். ஆனால் அந்தக் கட்சிக்கு ஆள் சேர்த்துக் கொடுப்பதே இரண்டாவது கட்சிதான்!

எப்படி? ஒரு கால் டாக்ஸி ஓட்டுநரை எடுத்துக்கொள்வோம். மூன்றாவது கையாக வாங்கிய டீசல் வண்டி, மாதத் தவணை ஓடுகிறது. ஒரு பேச்சுக்கு, பெல்ட், டென்ஷனர், ஐட்லர் சேர்ந்த செட் பெல்ட் கம்பெனியின் பெட்டியில் 6,000 ரூபாய், வெளி மெக்கானிக் கூலி 3,000 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 9,000. 80,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை என்றால் கிலோமீட்டருக்கு 11 பைசா சொச்சம். அதே செட் கார் கம்பெனியின் பெட்டியில் 10,000, கூலி 5,000 என்றால் 15,000. கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 19 பைசா.

"வெறும் 8 பைசா வித்தியாசத்துக்கா இவ்வளவு சத்தம்?" என்று கேட்கலாம். காகிதத்தில் 8 பைசாதான். ஆனால் ஓட்டுநர் பைசா பைசாவாகக் கட்டுவதில்லை, ஒரே நாளில் கட்ட வேண்டும். 9,000 என்றால் யாரிடமாவது கைமாற்று வாங்கி மாற்றிவிடுவார். 15,000 என்றால் "தீபாவளி சவாரி முடியட்டும்" என்று தள்ளிப்போடுவார். பெல்ட் தீபாவளி வரை காத்திருக்கும் என்று யார் சொன்னது? நடுவழியில் அறுந்தால் ஹெட்டைக் கழற்ற வேண்டும், வால்வு மாற்ற வேண்டும், வண்டி நாள்கணக்கில் ஷெட்டில் நிற்கும். வருமானம் நிற்கும், தவணை நிற்காது.

கம்பெனிகளுக்குத் தேய்மானம், ஒதுக்கீடு எல்லாம் போட்டுக் கணக்கு எழுத ஆடிட்டர் இருக்கிறார். இந்த ஓட்டுநரிடம் போன பெல்ட் எத்தனையாவது கிலோமீட்டரில் மாற்றப்பட்டது என்ற தகவல்கூட இல்லை. வண்டியோடு வந்த கையேடு முதல் உரிமையாளர் வீட்டிலேயே தங்கிவிட்டது. அவரைப் பொறுப்பில்லாதவர் என்பது என்ன நியாயம்?

தீர்ப்பு வந்தது, பெட்டி மாறவில்லை

இது டீக்கடைப் புலம்பல் அல்ல. 2011-ல் ஒரு தனிமனிதர் கொடுத்த புகாரில் தொடங்கிய விசாரணையின் முடிவில், இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. குற்றம் என்ன? உதிரிபாகங்களையும் பழுதுபார்க்கும் தகவல்களையும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் செய்து, வாங்கியவரைத் தங்கள் வாசலிலேயே கட்டிப்போட்டது.

ஆணையம் அபராதத்தோடு நிறுத்தவில்லை. பாகம் செய்து கொடுக்கும் நிறுவனங்கள் வெளிச்சந்தையில் விற்பதைத் தடுக்கக் கூடாது என்றது. வெளி மெக்கானிக்கிடம் போனார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக் கூடாது என்றது. அந்த மெக்கானிக்கின் தவறான வேலையால் வந்த சேதத்துக்கு மட்டும்தான் மறுக்கலாம். அமெரிக்காவில் பொருளோடு பாகத்தைக் கட்டிப்போட்டு வாரண்டி கொடுப்பதை 1975-லேயே சட்டம் போட்டுக் கட்டுப்படுத்திவிட்டார்கள்.

இங்கே என்ன ஆயிற்று? வழக்கு மேல் வழக்கு. 2016 டிசம்பரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் மூன்று நிறுவனங்கள் விஷயத்தில் ஆணையத்தின் முடிவை ஏற்றுக்கொண்டு, அபராதத் தொகையை மட்டும் குறைத்தது. 2022 டிசம்பர் 24 அன்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை "பழுதுபார்க்கும் உரிமை"க்கு ஒரு இணையதளம் தொடங்கியது. வாகனமும் அதில் ஒரு பிரிவு. நல்ல விஷயம்தான். ஆனால் இஷ்டப்பட்டால் தகவல் கொடுக்கலாம் என்ற ஏற்பாட்டில் எந்த வியாபாரி தன் லாபத்தை இஷ்டப்பட்டு விட்டுக்கொடுப்பார்?

முன்பெல்லாம் "வரி சார், நாங்க என்ன பண்றது" என்ற ஒரு பதில் தயாராக இருக்கும். பல உதிரிபாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதமாக இருந்தது உண்மைதான். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிபாகங்களுக்கு ஒரே சீராக 18 சதவீதம் ஆகிவிட்டது. அந்தச் சாக்கும் போய்விட்டது.

"டூப்ளிகேட் மாட்டினால் யார் பொறுப்பு?"

ஒரிஜினல் கட்சியின் பெரிய ஆயுதம் இது. பயம் நியாயமானதுதான். போலி டைமிங் பெல்ட் என்பது என்ஜினுக்குள் வைத்த வெடி. புதுப்பேட்டையில் பழைய கதவு வாங்கலாம், கண்ணாடி வாங்கலாம், ஹெட்லைட் வாங்கலாம். பழைய டைமிங் பெல்ட் மட்டும் ஓசியில் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. ரப்பர் ஓட்டத்தால் மட்டும் அல்ல, வயதாலும் கெடும். உள்ளே இருக்கும் கண்ணாடியிழை ஒருமுறை மடங்கி முறிந்தால் வெளியே தெரியாது.

ஆனால் போலிக்குச் சந்தை உண்டாக்கியது யார்? உண்மையான பொருளின் விலையை எட்டாத உயரத்தில் வைத்தால், அதே பெட்டியைக் காப்பியடித்து அச்சடிப்பவனுக்குத்தான் லாபம். போலிக்காரன் காப்பியடிப்பதும் அதிக விலைப் பெட்டியைத்தானே! பெல்ட் செய்தவரின் பெயரும் எண்ணும் எல்லோருக்கும் தெரிந்து, அதே பொருள் நியாய விலைக்குக் கிடைத்தால் போலியைத் தேடிப் போக யாருக்கும் தேவை இருக்காது.

மலிவு என்று வெறும் பெல்ட்டை மட்டும் மாற்றுவதும் புத்திசாலித்தனம் இல்லை. டென்ஷனர் பேரிங் இறுகினால் புதுப் பெல்ட்டும் போகும். சில என்ஜின்களில் வாட்டர் பம்பையும் அதே பெல்ட்தான் சுற்றுகிறது. எல்லாவற்றையும் ஒரே பிரிப்பில் மாற்றினால் கூலி ஒருமுறைதான். பல டீசல் என்ஜின்களில் கிராங்கையும் கேமையும் பூட்டி வைக்கத் தனிக் கருவி வேண்டும். அது இல்லாமல் பெயிண்ட் கோடு போட்டு மாட்டும் மெக்கானிக்கிடம் விடுவதும் ஆபத்து. மிச்சம் பிடிக்க வேண்டியது பெட்டியில், பேரிங்கில் அல்ல.

கம்பெனி போனாலும் பெல்ட் இருக்கிறது

ஜெனரல் மோட்டார்ஸ் 2017 கடைசியில் இந்தியாவில் கார் விற்பதை நிறுத்தியது. ஃபோர்டு 2021 செப்டம்பரில் இங்கே கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக அறிவித்தது. சர்வீஸ் தொடரும் என்று சொன்னாலும் ஷோரூம்கள் குறைந்தன. கார் கம்பெனியின் பெட்டிதான் வேதம் என்று நம்பியவர்கள் திகைத்து நின்றார்கள். பெல்ட் செய்கிறவரின் எண் தெரிந்த மெக்கானிக் திகைக்கவில்லை. கார் கம்பெனி ஊரை விட்டுப் போகலாம், பெல்ட் கம்பெனி கூடவே போய்விடுவதில்லை.

ஆகவே கேட்க வேண்டியது தள்ளுபடி அல்ல, தகவல். பெட்டியின் மேல் செய்தவர் யார், அவருடைய எண் என்ன என்று அச்சிட வேண்டும். எத்தனை கிலோமீட்டர், எத்தனை வருடம் என்பது எல்லோருக்கும் கிடைக்க வேண்டும். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் பெல்ட் கவர் மேல் எழுதி ஒட்டாத மெக்கானிக்குக் கூலி கொடுக்கக் கூடாது.

அடுத்த முறை கவுண்டரில் "ஒரிஜினலா, வெளி கம்பெனியா?" என்று கேட்டால், திருப்பிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "அண்ணே, இந்த வண்டிக்கு பெல்ட் செஞ்சு கொடுத்தது யாரு?"

பதில் சொல்லத் தெரியாதவரிடம் இருப்பது வெறும் பெட்டி.