விண்டோஸ் எங்கேயும் போகவில்லை!

போன வாரம் ராத்திரி பதினோரு மணி. விடுதியில் பக்கத்து அறை நண்பன் பேயறைந்த மாதிரி ஓடி வந்தான். "மச்சான், ஆர்ச் லினக்ஸ் போட்டேன்டா. விண்டோஸைக் காணோம். ப்ராஜெக்ட் முழுக்க அதுலதான் இருக்கு!" கையில் விண்டோஸ் பென் டிரைவ் வேறு. மறுபடி முதலிலிருந்து போடப் போகிறானாம். போட்டிருந்தால் ப்ராஜெக்ட் நிஜமாகவே போயிருக்கும்.

நல்லவேளை, தடுத்துவிட்டேன். எஃப்12 தட்டி மதர்போர்டின் பூட் மெனுவைத் திறந்தோம். 'விண்டோஸ் பூட் மேனேஜர்' அங்கே சமர்த்தாக உட்கார்ந்திருந்தது!

விஷயம் இதுதான். யூஇஎஃப்ஐ கணினிகளில் வன்தட்டின் ஒரு சின்னப் பகுதியில் ஒவ்வொரு இயங்குதளமும் தன் பூட் லோடரைத் தனி ஃபோல்டரில் வைக்கிறது. ஒன்று வந்ததும் மற்றது அழிவதில்லை. பெரும்பாலும் வரிசைதான் மாறுகிறது. பிறகு ஏன் க்ரப் மெனுவில் விண்டோஸ் இல்லை? மற்ற இயங்குதளங்களைத் தேடிப் பட்டியலில் சேர்ப்பது ஓஎஸ்-ப்ரோபர் என்ற நிரல். 2021-ல் வந்த க்ரப் 2.06 முதல் அது தானாக ஓடாது.

"இதென்ன அநியாயம், தானாகவே தேடினால் என்ன?" என்று நண்பன் கேட்டான். நான் க்ரப் பக்கம்தான். அந்த நிரல் ரூட் அதிகாரத்தோடு எல்லாப் பகுதிகளையும் திறந்து பார்க்கிறது. யாரோ விஷமம் செய்து வைத்த பகுதியையும்தான். கேட்காமல் அப்படிச் செய்யக்கூடாது என்பது நியாயமாகத்தான் படுகிறது.

தீர்வு ஐந்து நிமிடம். ஓஎஸ்-ப்ரோபரை நிறுவினோம். க்ரப் அமைப்புக் கோப்பில் அதை அனுமதிக்கும் வரியின் முன்னால் இருந்த # குறியை எடுத்தோம். க்ரப்-எம்கேகான்ஃபிக் கட்டளையை மறுபடி ஓட்டினோம். விண்டோஸ் வந்துவிட்டது!

எனக்கு வருத்தம் வேறு. ஓஎஸ்-ப்ரோபர் ஓடாது என்று முதல் தடவையே அந்தக் கட்டளை திரையில் எச்சரித்திருக்கும். நண்பன் படிக்கவில்லை. யூட்யூப் பார்த்துக் கட்டளைகளை அப்படியே ஒட்டியிருக்கிறான். நாம் எல்லோரும் அப்படித்தானே? கணினித் துறையில் படித்துக்கொண்டு, கணினி சொல்வதைப் படிக்க மாட்டோம் என்றால் எப்படி?

இரண்டு இயங்குதளம் வைக்க ஆசைப்பட்டால் பூட் லோடரைப் புரிந்துகொள்ளும் பொறுப்பும் நம்முடையதுதான். முதலில் ப்ராஜெக்டுக்கு ஒரு நகல் எடுங்கள். பிட்லாக்கர் இருந்தால் அதன் மீட்புச் சாவியைக் குறித்து வையுங்கள். பிறகு தைரியமாக நோண்டுங்கள். விண்டோஸ் காணாமல் போனால் பென் டிரைவைத் தேடாதீர்கள், திரையைப் படியுங்கள் :-)