தைரியம் வண்டி எடுத்த பிறகுதான் வரும்

அமெரிக்காவில் வண்டியோடு வந்து தங்கும் கேம்ப்கிரவுண்டுகளில் மாலை நேரத்தில் அடிக்கடி நடப்பது இது. தனியாக வந்த ஒரு பெண், காருக்குப் பின்னால் இழுத்து வந்த டிரெய்லரைத் தனக்கு ஒதுக்கிய இடத்துக்குள் ரிவர்ஸில் ஏற்றப் பார்ப்பார். பக்கத்து இடங்களிலிருந்து இரண்டு மூன்று ஆண்கள் எழுந்து வந்து, ஆளுக்கொரு மூலையில் நின்று கை காட்டத் தொடங்குவார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் ஓர் ஆண் அதே வேலையைத் திணறித் திணறிச் செய்யும்போது யாரும் நாற்காலியை விட்டு எழுவதில்லை.

டிரெய்லரை ரிவர்ஸ் எடுப்பது முதலில் எவருக்கும் குழப்பம்தான். ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடித்தால் டிரெய்லரின் பின்புறம் இடப்பக்கம் போகும். இதற்கு ஓர் எளிய உத்தி உண்டு. கையை ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியில் வைத்துக்கொள்ள வேண்டும். டிரெய்லரின் வால் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, கையை அந்தப் பக்கம் நகர்த்தினால் போதும். நடையைவிட மெதுவாக எடுக்க வேண்டும். கோணிக்கொண்டால் முன்னால் நகர்த்தி நேராக்கிவிட்டு மறுபடி முயல வேண்டும். சந்தேகம் வந்தால் நிறுத்தி, இறங்கிப் பார்க்க வேண்டும். காலியான ஒரு பார்க்கிங் இடத்தில் நான்கு பிளாஸ்டிக் கூம்புகளை வைத்துக்கொண்டு சில பிற்பகல்கள் பழகினால் கைவந்துவிடும். தனியாகப் போகப் பெண்களுக்குத் தன்னம்பிக்கை போதாது என்கிறார்கள். அவர்களுக்குக் கிடைக்காமல் போனது பெரும்பாலும் இந்தப் பிற்பகல்கள்தான்.

நம் ஊர் படப்பிடிப்புத் தளங்களில் நடிகர்களுக்காக நிற்கும் கேரவனுக்கு உறவுதான் அமெரிக்காவின் ஆர்.வி. படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, கழிப்பறை எல்லாம் வண்டிக்குள்ளேயே இருக்கும். வேனை மாற்றியமைத்த சின்ன வண்டி முதல் 40 அடி நீளப் பேருந்து வரை பல வகை. மேலே சொன்ன டிரெய்லரும் அதில் ஒன்று. தம்பதியாகச் சுற்றும் வண்டிகளில் வேலைப் பிரிவினை வெகுகாலம் அசையாமல் இருந்தது. ஓட்டுவது, டிரெய்லரைக் கொக்கியில் மாட்டுவது, சக்கர நட்டு முடுக்குவது, கழிவுத் தொட்டியைக் காலி செய்வது கணவர் வேலை. சமைப்பது, வழி பார்ப்பது, பின்னால் நின்று ‘வா, வா’ என்று கை காட்டுவது மனைவி வேலை. இப்படியே பல்லாயிரம் மைல் சுற்றிய பிறகு கணவர் காலமானால், வாசலில் நிற்கும் வண்டியைத் தெருமுனை வரை எடுக்கக்கூட அந்தப் பெண்ணுக்குத் துணிவிருக்காது. அவருக்கு அனுபவம் இல்லை என்று சொல்ல முடியாது. அனுபவத்தில் பாதியை மட்டும் அவர் கையில் யாரும் கொடுக்கவில்லை.

இந்தப் பாதியைக் கொடுக்கத்தான் லவர்ன் கிங், ஸோயி ஸ்வானகன் என்ற இருவர் 1991-ல் ‘ஆர்.விங் உமன்’ அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் கூட்டங்களில் விருந்தும் அரட்டையும் உண்டு. கூடவே வண்டி ஓட்டும் பயிற்சியும் பராமரிப்பு வகுப்பும் உண்டு. 1999-ல் மாரி சஸ்மன், பெக்கி கிளார்க் என்ற சகோதரிகள் ஆரம்பித்த ‘சிஸ்டர்ஸ் ஆன் த ஃப்ளை’, பழைய டிரெய்லர்களுக்கு வண்ணமடித்து ஊர் ஊராக இழுத்துச் செல்லும் பெண்களின் கூட்டமாக வளர்ந்தது. இப்படிப்பட்ட இடங்களில் புதியவர்களுக்குச் சொல்லித் தரப்படும் பாடங்கள் வெகு சாதாரணமானவை. கழிவுத் தொட்டியையே எடுத்துக்கொள்வோம். கையுறை போட்டுக்கொண்டு, குழாயை இறுக மாட்டி, முதலில் கழிப்பறைத் தொட்டியைத் திறக்க வேண்டும். குளியல், பாத்திரம் கழுவிய தண்ணீர்த் தொட்டியை அதற்குப் பிறகுதான் திறக்க வேண்டும். அந்தச் சோப்புத் தண்ணீர் குழாயை அலசிவிடும். வரிசையை மாற்றிவிட்டால் நாற்றம் குழாயிலேயே தங்கிவிடும். முதல் முறை முகம் சுளிக்க வைக்கும் வேலை, மூன்றாம் முறை பத்து நிமிடத்தில் முடிகிறது. எரிவாயுக் கசிவு, கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவிகளைச் சோதிப்பதும், கிளம்புமுன் டயர் காற்றைப் பார்ப்பதும் அப்படித்தான்.

கைப்பழக்கமே தைரியம் தரும் என்பது புதிய ஞானமும் அல்ல. 1909-ல் ஆலிஸ் ராம்சே என்ற 22 வயதுப் பெண் நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு மேக்ஸ்வெல் கார் ஓட்டிப் போனார். அமெரிக்காவைக் குறுக்காகக் கார் ஓட்டிக் கடந்த முதல் பெண் அவர்தான். கூட வந்த மூன்று பெண்களில் ஒருவருக்கும் ஓட்டத் தெரியாது. வழியெல்லாம் பெரும்பாலும் சேறும் மண்ணும். போய்ச் சேர 59 நாள் ஆயிற்று. வழியில் 11 டயர் மாற்றினார், ஸ்பார்க் பிளக்குகளைத் தானே சுத்தம் செய்தார். அவருடைய துணிச்சலைப் பலரும் புகழ்ந்திருக்கிறார்கள். அந்தத் துணிச்சலுக்கு அடியில் இருந்த கைத்திறன்தான் அதிகம் பேசப்பட வேண்டியது.

கைத்திறன் இருந்தாலும் வண்டி வாங்கப் பணம் வேண்டுமே. கடன் கொடுப்பதில் ஆண், பெண் பாகுபாடு காட்டக் கூடாது என்று அமெரிக்காவில் சட்டம் வந்தது 1974-ல்தான். அதற்கு முன் மணமான பெண் கடன் கேட்டால் கணவரின் கையெழுத்தை வங்கிகள் கேட்பது சர்வசாதாரணம். இன்று எழுபதைத் தாண்டிய அமெரிக்கப் பெண்கள் வளர்ந்த நாடு அது. அவர்களில் ஒருவர் தயங்கினால், அந்தத் தயக்கத்தை அவருடைய சுபாவம் என்று ஒதுக்கிவிடுவது நியாயமாகாது.

பயம் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. ராத்திரி யாராவது கதவைத் தட்டினால் என்ன செய்வது என்ற கேள்வி தனியாகப் போகும் ஒவ்வொரு பெண்ணுக்கும் எழும். அனுபவசாலிகள் அதற்கும் வழிகள் வைத்திருக்கிறார்கள். முன்பக்கம் சாலையைப் பார்த்திருக்கும்படி வண்டியை நிறுத்துவார்கள். சாவியைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொள்வார்கள். படிக்கட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஆணின் பெரிய பூட்ஸையும், இல்லாத நாய்க்கு ஒரு பெரிய தண்ணீர்க் கிண்ணத்தையும் வைப்பவர்கள் உண்டு. இழுத்துச் செல்லும் டிரெய்லரைவிட வேனைப் பலர் விரும்புவதற்கும் காரணம் இருக்கிறது. படுக்கையிலிருந்து வெளியே இறங்காமலே ஓட்டுநர் இருக்கைக்குப் போய்விடலாம். இடம் சரியில்லை என்று மனதுக்குப் பட்டால், காரணம் தேடிக்கொண்டிருக்காமல் கிளம்பிவிட வேண்டும் என்பது அவர்கள் எல்லோரும் சொல்லும் ஒன்று.

ஆனால் ஆபத்து என்றதும் எல்லோருடைய கண்ணும் சாலையையே பார்ப்பதுதான் கோளாறு. 2021-ல் உலகமே பேசிய வேன் பயணக் கொலை கேபி பெட்டிட்டோவுடையது. 22 வயதான அந்தப் பெண் தனியாகப் போகவில்லை. அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில் அவரைக் கொன்றது, கூடவே பயணம் செய்த வருங்காலக் கணவர். 2023-ல் உலகம் முழுவதும் சுமார் 85,000 பெண்களும் சிறுமிகளும் வேண்டுமென்றே கொல்லப்பட்டதாக ஐ.நா. அமைப்புகள் கணக்கிட்டன. அதில் 60 விழுக்காடு, துணைவராலோ குடும்பத்தினராலோ நடந்தவை. ‘தனியாகவா போகிறாய்?’ என்று பதறுகிறவர்கள், ‘யாரோடு போகிறாய்?’ என்பதையும் அதே பதற்றத்தோடு கேட்க வேண்டும்.

சாலைக்கு வரும் எல்லோரும் ஆசைப்பட்டு வந்தவர்கள் என்றும் நினைக்கக் கூடாது. ஜெசிகா புரூடர் 2017-ல் எழுதிய ‘நோமேட்லேண்ட்’ நூலின் மையத்தில் இருக்கும் லிண்டா மே, அறுபதுகளில் இருந்த பாட்டி. வாழ்நாள் முழுக்க உழைத்தும் வாடகைக்குப் போதாத ஓய்வூதியம். சிறு டிரெய்லரில் குடியிருந்தபடி கேம்ப்கிரவுண்டுகளைப் பராமரித்தார், அமேசான் கிடங்கில் வேலை பார்த்தார். பின்னர் இயக்குநர் குளோயி ஜாவோ அதைப் படமாக்கியபோது லிண்டா மேயே அதில் நடித்தார். 2021-ல் அந்தப் படம் ஆஸ்கர் வென்றது. லிண்டா மேயின் சாமர்த்தியத்தை மெச்சும்போது, அந்த வயதில் அவருக்கு ஒரு வீடு கிடைக்காமல் போனதை மறந்துவிடக் கூடாது. ‘சுதந்திரம்’ என்ற அழகான பெயரில் வறுமையை விற்கிறவர்கள் இந்தத் துறையில் ஒன்றிரண்டு பேர் அல்ல.

ஆசைப்பட்டே புறப்பட்டவர்களில் இந்தக் காலத்துக்குச் சொல்ல வேண்டிய பெயர் சீனாவின் சு மின். 2020 செப்டம்பரில், 56 வயதில், ஹெனான் மாகாணத்தின் ஜெங்ஜோ நகரிலிருந்து ஒரு வெள்ளை ஃபோக்ஸ்வாகன் போலோவில் கிளம்பினார். ஆர்.வி. வாங்கும் வசதி அவருக்கு இல்லை. காரின் கூரைமேல் மடக்குக் கூடாரம், டிக்கியில் சமையல் சாமான். கணவரிடம் பட்ட அடியையும் ஏச்சையும் அவரே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். மகளின் இரட்டைக் குழந்தைகள் மழலையர் பள்ளிக்குப் போகும்வரை காத்திருந்துதான் புறப்பட்டார். அவருடைய வீடியோக்களை லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள், 2024-ல் அவர் கதை சினிமாவாகவும் வந்தது. விவாகரத்துக்காகக் கணவருக்கு 1,60,000 யுவான் தர ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. அடிபட்டவரே பணமும் கொடுத்தார் என்பதைப் படிக்கும்போது நெஞ்சு கொதிக்கிறது. புறப்பட்ட அன்று சு மின்னிடம் பெரிய தைரியம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை. ஓட்டுநர் உரிமம் இருந்தது, ஓட்ட ஒரு கார் இருந்தது.

ஆகவே செய்ய வேண்டியதும் மலையைப் புரட்டுகிற காரியமல்ல. வண்டியை விற்பவர்களும் வாடகைக்கு விடுபவர்களும் சாவி கொடுக்குமுன் எல்லாவற்றையும் காட்டி விளக்குகிறார்கள். தம்பதியாக வந்தால் பேச்சு முழுவதும் ஆணை நோக்கியே போகும். அந்த விளக்கத்தை இருவருக்கும் கொடுத்து, கொக்கியைப் பெண்ணின் கையாலேயே ஒருமுறை மாட்டிக் கழற்ற வைக்கலாம். ஏற்கெனவே வண்டி வைத்திருக்கும் தம்பதிகள் அடுத்த பயணத்தில் ஒரு வாரம் வேலையை மாற்றிக்கொள்ளட்டும். கணவர் சமையலையும் வழியையும் பார்த்துக்கொள்ள, மனைவி ஓட்டி, நிறுத்தி, தொட்டியைக் காலி செய்து, மறுநாள் காலை டயரில் காற்றுப் பார்க்கட்டும்.