ஏழு கோல் வேண்டுமாம்!

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. மார்ச் கணக்கு, அப்புறம் ஆடிட், அப்புறம் ஊருக்கு ஒரு நடை என்று காலம் ஓடிவிட்டது. இன்றைக்கு எழுதியே தீருவது என்று உட்கார்ந்திருக்கிறேன். காரணம் கோபம். மூன்று வாரமாக ஆறாத கோபம்.

நான் கோவில்பட்டிக்காரன் என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும். கடலைமிட்டாயும் ஹாக்கியும்தான் எங்கள் ஊர். நான் மட்டையைத் தொட்டதில்லை, மிட்டாயோடு நின்றுவிட்டேன். அந்தக் குறை தீர்ந்தது 2022 கடைசியில் ரூர்கேலாவுக்கு மாற்றலாகி வந்த பிறகுதான். சுந்தர்கட் மாவட்டம் என்றாலே ஹாக்கி. கிராமத்துப் பிள்ளைகள் மூங்கிலை வளைத்து மட்டை செய்துகொண்டு ஆடுகிற பூமி. இங்கே 'கஸ்ஸி' பந்தயம் என்று ஒன்று உண்டு. ஜெயித்த அணிக்குப் பரிசு ஒரு ஆடு! கோப்பை, சான்றிதழ் என்கிற வெட்டி வேலையெல்லாம் கிடையாது. வந்து ரெண்டாவது மாசமே சின்னவள் மட்டை கேட்டாள். இப்போது அவளுக்குப் பதிமூன்று வயது, நடுக்களத்தில் ஆடுகிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். பதினாலு வயசுக்கு உட்பட்ட பெண் பிள்ளைகளுக்கு ஒரு லீக் நடந்தது. யார் நடத்தினார்கள் என்பது வேண்டாம், நல்ல மனுஷர்கள்தான். ஆறு அணி. ஒவ்வொருவரோடும் ஒரு ஆட்டம். ஜெயித்தால் 3 புள்ளி, டிராவுக்கு 1. முதல் ரெண்டு அணி ஃபைனலுக்கு. ஒரு அணி 13 புள்ளியோடு முதலிடத்தை எடுத்துக்கொண்டது. எங்கள் பிள்ளைகள் அஞ்சு ஆட்டமும் முடித்து 10 புள்ளி, கோல் கணக்கில் +7. எங்களுக்குப் போட்டியான அணி (நீலச்சட்டை என்று வைத்துக்கொள்வோம்) 7 புள்ளி, +1, ஒரு ஆட்டம் பாக்கி. அந்த நீலச்சட்டையை நாங்கள் ஏற்கெனவே 2-1 என்று ஜெயித்திருந்தோம். கடைசி ஆட்டத்தில் அவர்கள் ஜெயித்தால் ரெண்டு பேருக்கும் 10. அப்போது யார் உள்ளே?

நேருக்கு நேர் ஆடி ஜெயித்தவர்கள்தானே என்று நினைத்தேன். நீங்களும் அப்படித்தான் நினைப்பீர்கள். லீக் ஆரம்பிக்கும்போது கொடுத்த நோட்டீஸில் நுழைவுக் கட்டணம் இருந்தது, சட்டை நிறம் இருந்தது, தண்ணீர் பாட்டில் அவரவர் கொண்டுவர வேண்டும் என்றும் இருந்தது. சமமானால் என்ன செய்வது என்று ஒரு வரி இல்லை. சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸ்அப்பில் வந்தது அந்த ஒரு வரி: கோல் வித்தியாசம் பார்க்கப்படும்.

கணக்குப் போட்டால் நீலச்சட்டைக்கு ஏழு கோல் வேண்டும். எதிரணி யார்? ஒரு கிராமத்து ஹாஸ்டல் பிள்ளைகள். அதில் பாதிப்பேருக்குப் பதினொன்று, பன்னிரண்டு வயசுதான் இருக்கும். கோல்கீப்பர் பிள்ளைக்குப் பேடு இடுப்புவரை வருகிறது, அதைக் கட்டிக்கொண்டு வாத்து மாதிரி நடந்து வரும்.

ஞாயிற்றுக்கிழமை காலை நானும் தங்கமணியும் சின்னவளும் போயிருந்தோம். இடைவேளையில் 4-0. அதற்குப் பிறகு நடந்ததற்கு ஆட்டம் என்று பெயரில்லை. எல்லைக்கோட்டில் நின்ற பெற்றோர்கள் 'சாத் சாஹியே, சாத் சாஹியே' என்று கத்துகிறார்கள். ஒவ்வொரு கோலுக்கும் பந்தை வலையிலிருந்து எடுத்துக்கொண்டு நடுக்கோட்டுக்கு ஓடுகிறார்கள், நேரம் வீணாகக் கூடாதாம். ஆறாவது கோலுக்கு அந்தக் கோல்கீப்பர் பிள்ளை எழுந்திருக்கவே இல்லை. பேடோடு சம்மணம் போட முடியாமல் காலை நீட்டி உட்கார்ந்துவிட்டது. இன்னொரு பிள்ளை போய்த் தூக்கிவிட்டது. ஏழு விழுந்தது. பத்திரத்துக்கு எட்டாவதும் போட்டார்கள். 8-0.

நீலச்சட்டை உள்ளே, நாங்கள் வெளியே.

தோற்றதற்கு இவ்வளவு பொங்கலா என்று நினைப்பவர்கள் இதையும் கேளுங்கள். அதே ஹாஸ்டல் அணியோடு நாங்களும் மூன்றாவது வாரம் ஆடினோம். இடைவேளையில் 4-0, அதே 4-0! எங்கள் கோச் பிள்ளைகளைக் கூப்பிட்டு, இனி யாரும் 'டி'க்குள் அடிக்கக்கூடாது, பாஸ் பழகுங்கள், பெஞ்சில் இருப்பவர்கள் எல்லாரும் உள்ளே போங்கள் என்றார். அப்படியே 4-0 என்று முடிந்தது. அன்றைக்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? 'இன்னொண்ணு போடும்மா' என்று நானும்தான் கத்தினேன். சின்னவள் திரும்பி ஒரு முறை முறைத்தாள்.

எட்டு கோல் பார்த்துவிட்டு ஸ்கூட்டரில் வரும்போது அதே சின்னவள் கேட்டாள்: "அப்பா, அன்னைக்கு கோச் சொன்னதைக் கேட்டிருக்கக் கூடாதோ?"

என் கோபம் இங்கேதான். ஃபைனல் போனால் போகட்டும். பதிமூன்று வயசுப் பிள்ளைக்கு இந்தக் கேள்வி வரும்படி ஒரு விதியை எழுதி வைத்திருக்கிறோமே, அது எந்த ஊர் நியாயம்?

நடத்தியவர்களிடம் போய்க் கேட்டேன். "சார், இது இன்டர்நேஷனல் ரூல்" என்றார்கள். பொய் இல்லை. சர்வதேச ஹாக்கி சம்மேளனத்தின் உலகக் கோப்பை விதியில் புள்ளி சமமானால் முதலில் எத்தனை வெற்றி, அப்புறம் கோல் வித்தியாசம், அப்புறம் அடித்த கோல், நேருக்கு நேர் அதற்கும் பிறகுதான். எங்களுக்கும் நீலச்சட்டைக்கும் தலா மூன்று வெற்றி. ஆக விதிப்படி சரிதான்.

அந்த விதி பெரியவர்களையே என்ன பாடு படுத்தியது என்பதை இதே ஒடிசாவில் ரெண்டு முறை பார்த்தாயிற்று. 2018 உலகக் கோப்பை, புவனேஸ்வர். இந்தியாவும் பெல்ஜியமும் 2-2 டிரா, இருவருக்கும் 7 புள்ளி. நாம் தென்னாப்பிரிக்காவை 5-0, கனடாவை 5-1 என்று அடித்ததால் கோல் வித்தியாசத்தில் நேராகக் காலிறுதி. பெல்ஜியம் சுற்றுவழியில் ஒரு ஆட்டம் கூடுதலாக ஆடிப் போனது. கடைசியில் கோப்பையைத் தூக்கியது பெல்ஜியம், நாம் காலிறுதியில் நெதர்லாந்திடம் 1-2. அப்போது கோல் வித்தியாசத்தை யாராவது திட்டினோமா? இல்லை, கைதட்டினோம். அடுத்தது 2023. இங்கே பிர்சா முண்டா மைதானத்தில் இந்தியா-இங்கிலாந்து 0-0, நானும் நேரில் பார்த்தேன். மறுபடி இருவருக்கும் 7 புள்ளி. இங்கிலாந்து வேல்ஸை 5-0, ஸ்பெயினை 4-0 என்று அடித்துவிட்டது. கடைசி நாள் அவர்கள் ஆட்டம் முதலில் முடிந்துவிட்டதால் நமக்குத் தேவை என்னவென்று தெளிவாகத் தெரியும். வேல்ஸை எட்டு கோல் வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும். 4-2தான் முடிந்தது. இந்த முறை சுற்றுவழி நமக்கு. நியூசிலாந்தோடு 3-3, ஷூட் அவுட்டில் வீட்டுக்கு.

அந்த ரெண்டு முறையும் நேருக்கு நேர் ஆட்டம் டிரா, அதனால் வேறு ஏதாவது பார்த்துத்தான் ஆகவேண்டும். ஒத்துக்கொள்கிறேன். ஆடினவர்களும் பெரியவர்கள், சம்பளக்காரர்கள். 2025 கடைசியில் மதுரையில் ஜூனியர் உலகக் கோப்பையில் ஓமனை நம் பையன்கள் 17-0 என்று அடித்தார்களே, அதுவும் ஆசைக்கு அடித்ததில்லை. அந்தப் போட்டியில் ஆறு பிரிவில் முதலில் வருபவர்களோடு, ரெண்டாவதாக வந்தவர்களில் சிறந்த ரெண்டு அணிக்கும் காலிறுதி இடம். வேறு வேறு எதிரிகளோடு ஆடியவர்களை ஒப்பிடக் கோல் கணக்கு தேவைப்படும் என்று எல்லா அணிக்கும் முன்னாடியே தெரியும். எங்கள் லீக்கில் பிரிவும் இல்லை, டிராவும் இல்லை. ரெண்டு அணியும் மோதின, ஒன்று ஜெயித்தது. கையில் இருக்கிற பதிலை விட்டுவிட்டு ஏன் ஹாஸ்டல் பிள்ளைகளின் முதுகில் ஏறித் தேட வேண்டும்?

நான் பி.காம். படித்தவன், வங்கியில் இருப்பவன். எனக்கு இது அப்படியே மார்ச் 31 டெபாசிட். கிளைக்கு டார்கெட் எட்டவில்லை என்றால் தெரிந்தவர் ஒருவரிடம் போய் நிற்போம், 31ஆம் தேதி பெரிய தொகை ஒன்று உள்ளே வரும், ஏப்ரல் முதல் வாரத்தில் வெளியே போகும். தாளில் கிளை வளர்ந்திருக்கும். பலவீனமான ஒரு அணியோடு ஆடிய ஒரே ஆட்டத்தில் வந்த எட்டு கோலும் அந்த டெபாசிட்தான். இங்கிலீஷ் பிரீமியர் லீக்கில் கோல் வித்தியாசம் பார்க்கிறார்களே என்பார்கள். அங்கே 38 ஆட்டம், ஒருநாள் கூத்து அதில் கரைந்துபோகும். இங்கே மொத்தமே அஞ்சு. அவ்வளவு ஆட்டம் ஆடுகிற ஸ்பெயின் லீக்கிலேயே முதலில் நேருக்கு நேர்தான் பார்க்கிறார்கள்.

நேருக்கு நேரிலும் ஓட்டை உண்டு. மூன்று அணி சமமாகி, அ ஆவை ஜெயித்து, ஆ இயை ஜெயித்து, இ அவை ஜெயித்தால் முழிக்க வேண்டியதுதான். அப்போது அந்த மூவருக்குள் நடந்த ஆட்டங்களின் கோலை மட்டும் எண்ணுங்கள். எப்படி எண்ணினாலும் ஒரு ஆட்டத்துக்கு மூன்று கோல் வித்தியாசத்துக்கு மேல் கணக்கில் சேராது என்று ஒரு வரி போடுங்கள். 3-0க்கும் 8-0க்கும் ஒரே மதிப்பு என்றால் எந்தக் கோச்சுக்கும் நாலாவது கோல் தேவைப்படாது. அதுவும் சமமா? ஷூட் அவுட் வையுங்கள், எட்டு செகண்ட், கீப்பரும் அடிப்பவளும் மட்டும். அழுவார்கள்தான். ஆனால் சம்பந்தப்பட்ட ரெண்டு அணிப் பிள்ளைகள் மட்டும் அழுவார்கள், மூன்றாவது அணியை அழவைக்க வேண்டியதில்லை.

அப்புறம் அந்த ராத்திரி ஒன்பது மணி வாட்ஸ்அப். கடன் கொடுத்துவிட்டு, கடைசித் தவணையின்போது வட்டி எப்படிக் கணக்கிடுவோம் என்று வாடிக்கையாளருக்குச் சொன்னால் என்னைச் சும்மா விடுவார்களா? முதல் விசிலுக்கு முன்னால் தாளில் இருக்க வேண்டும். நம் ஆட்கள் புனேயிலும் போபாலிலும் சண்டிகரிலும் பிள்ளைகளை இப்படி லீக்குகளுக்கு அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். கட்டணம் கட்டும் முன் ஒரு கேள்வி கேளுங்கள் அண்ணாச்சி: சமமானால் என்ன? பதில் இல்லையென்றால் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்த சீசனுக்கான கூட்டம் வருகிற ஞாயிற்றுக்கிழமை. ஒரு பக்கத்துக்கு டைப் அடித்து வைத்திருக்கிறேன். படித்துப் பார்த்த தங்கமணி, "ஆபீஸ் சர்க்குலர் மாதிரி இருக்கு, ஒருத்தரும் படிக்க மாட்டாங்க" என்றாள். சின்னவள் வாங்கிப் பார்த்துவிட்டு, அடியில் பேனாவால் ஒரு வரி சேர்த்தாள்: ஹாஸ்டல் அணி கீப்பருக்கு அளவான பேடு வாங்கித் தரவும்.