அடகு மாத்தினால் வெட்கம், கார்ட் மாத்தினால் கெட்டித்தனமா?

ஒரு வங்கியின் கிரெடிட் கார்ட்டில் இருக்கிற கடனை இன்னொரு வங்கியின் கார்ட்டுக்கு மாற்றுவதற்குப் பெயர் 'பலன்ஸ் ட்ரான்ஸ்பர்'. கேட்கும்போது ஏதோ கொமர்ஸ் படித்த ஆக்களுக்கு மட்டும் விளங்கிற விஷயம் போல இருக்கும். ஆனால் எங்கட ஊர்களில் அம்மாமார் காலங்காலமாகச் செய்துகொண்டு வருவதும் இதைத்தான். ஒரு வங்கியில் அடகில் கிடக்கிற சங்கிலியை, பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கி மீட்டு, பவுணுக்குக் கூடக் குடுக்கிற அல்லது வட்டி குறைஞ்ச இன்னொரு வங்கியில் மத்தியானத்துக்கிடையில் திரும்ப வைத்து, கைமாற்றையும் பின்னேரத்துக்குள் குடுத்து முடிக்கிறது. இதை ஒரு அம்மா செய்தால் "அதுகள் கடனில மிதக்குதுகள்" என்று ஒழுங்கை முழுக்கக் கதைக்கும். கொழும்பில் டை கட்டி வேலைக்குப் போகிற ஒரு அண்ணா அதையே கார்ட்டில் செய்தால் அவர் 'காசு விஷயத்தில கெட்டிக்காரன்'.

எனக்குக் கார்ட் மாற்றுகிறவர்களோடு கோபம் இல்லை. சொல்லப்போனால், சரியான கணக்கோடு செய்தால் அது நல்ல வேலை. என்ர பிரச்சினை வேறு. அடகு மாற்றுகிற அம்மா, கார்ட் மாற்றுகிற அண்ணாவை விட நன்றாக ஒப்பிட்டுப் பார்க்கிறா. ஆனால் அவவிடமிருந்து ஒருத்தரும் எதையும் கேட்டுப் படிக்கிறதில்லை.

கலைப்பீடத்தில் இருந்துகொண்டு நீ ஏன் இதை எழுதுகிறாய் என்று கேட்கலாம். மகாபொலக் காசில் ஓடுகிற எங்களுக்கு ஒரு வங்கியும் கார்ட் தராது, உண்மைதான். ஆனால் முதல் வேலை, முதல் சம்பளச் சிலிப், அடுத்த கிழமை போன் வரும்: "சேர், உங்களுக்குக் கார்ட் அப்ரூவ் ஆகியிருக்கு." எங்களுக்கு முந்தின பட்ச் ஆக்களுக்கு இப்படித்தான் வந்தது. அதுவரைக்கும் 'சேர்' என்று எங்களை யார் கூப்பிட்டது?

வட்டி வீதத்தின் கதையைக் கொஞ்சம் பார்க்க வேணும். 2020 ஓகஸ்டில் மத்திய வங்கி கடனட்டை வட்டிக்கு வருடத்துக்கு 18 வீதம் என்று உச்சவரம்பு போட்டது. பிறகு 2022 வந்தது. ஏப்ரல் மாதம், எரிபொருளுக்கும் காஸ் சிலிண்டருக்கும் வரிசையில் நின்ற அதே நாட்களில், மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 வீதப் புள்ளிகள் கூட்டியது. கார்ட் வட்டிக்கு இருந்த வரம்பும் இல்லாமல் போனது. வீதம் 30ஐயும் தாண்டியது. 2023 ஓகஸ்டில் திரும்ப வரம்பு வந்தது: கடனட்டைக்கு 28, அடகுக்கு 18.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கு. 2021இல் 18 வீதத்தில் ஒரு லப்டொப் வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிக்கொண்டு வந்த ஆளுக்கு, 2022இல் அந்தப் பழைய மிச்சக் கடனுக்கும் புது வட்டிதான். கார்ட் வட்டி நீங்கள் சாமான் வாங்கின நாளோடு நிற்காது, அது காலத்தோடு ஏறும். அதே காலத்தில்தான் பால்மாவும் மருந்தும் கார்ட்டில் வாங்க வேண்டி வந்தது. ஆடம்பரத்தால் கடன்பட்டார்கள் என்று லேசாகச் சொல்லுகிறவர்கள் அந்த வருடத்து ஸ்டேட்மன்ட் ஒன்றை எடுத்துப் பார்க்கலாம்.

சரி, கணக்குக்கு வருவோம். கீழே வருகிற எண்கள் எந்த வங்கியின் திட்டமும் இல்லை, விளங்கப்படுத்த நான் எடுத்தவை. ஆனால் திட்டங்களின் வடிவம் சந்தையில் கிடைக்கிற வடிவம்தான்.

கார்ட்டில் 3 லட்சம் கடன், 28 வீத வட்டி. முதல் மாதம் வட்டி மட்டும் 7,000 ரூபா. நீங்கள் 14,000 கட்டினால் சரி பாதி வட்டிக்குப் போய்விடும். இனி அந்தக் கார்ட்டில் ஒரு ரொபி கூட வாங்கமாட்டேன் என்று சத்தியம் செய்து, மாதாமாதம் 14,000 கட்டிக்கொண்டே வந்தாலும் முடிய 30 மாதம். மொத்தம் கட்டுவது கிட்டத்தட்ட 4 லட்சத்து 20 ஆயிரம்.

இப்ப மூன்று இடத்திலிருந்து அழைப்பு வருகிறது. ஒருத்தர் சொல்லுகிறார், "வட்டியே இல்லை, ஒருமுறை கட்டணம் 12 வீதம், 24 மாதத் தவணை." கட்டணம் 36,000. மொத்தம் 3 லட்சத்து 36 ஆயிரம். மாதம் 14,000. பழைய கார்ட்டுக்குக் கட்ட நினைத்த அதே தொகைதான், ஆனால் ஆறு மாதம் முந்தி முடியும், 84,000 ரூபாவுக்கு மேல் மிச்சம். இது நல்ல திட்டம். 'வட்டியே இல்லை' என்பது மட்டும் பொய். கட்டணம் என்று பெயர் வைத்தாலும் அது வட்டிதான். கணக்குப் போட்டால் வருடத்துக்கு 11 வீதம் அளவில் வரும்.

இரண்டாமவர் சொல்லுகிறார், "வருசத்துக்கு 12 வீதம்தான், 36 மாதம், மாசம் 11,333 கட்டினால் போதும்." இதுதான் ஆட்களை விழுத்துகிற திட்டம். 28க்குப் பதில் 12, தவணையும் குறைவு, வேறென்ன வேணும்? ஆனால் இந்த 12, 'ஃப்ளட்' கணக்கில் வருகிற 12. நீங்கள் கட்டக் கட்டக் கடன் குறையும், வட்டி மட்டும் குறையாது. மூன்றாவது வருடம் தொடங்கும்போது, சமமாகப் பிரித்துப் பார்த்தால், உங்கட கடன் ஒரு லட்சம்தான். அந்த ஒரு லட்சத்துக்கும் அவர்கள் எடுப்பது 36,000, ஏனென்றால் வட்டி இன்னும் முழு 3 லட்சத்துக்கும் ஓடிக்கொண்டிருக்கு. மொத்தம் 4 லட்சத்து 8 ஆயிரம். உண்மையான வீதம் 21ஐ ஒட்டி வரும். இவ்வளவு பாடுபட்டு, படிவம் நிரப்பி, சம்பளச் சிலிப் குடுத்து மாற்றி, மூன்று வருடம் கட்டி முடித்தால் மிச்சம் 13,000 கூட இல்லை. பழைய கார்ட்டிலேயே 14,000 படி கட்டியிருந்தால் அரை வருடம் முந்தி முடிந்திருக்கும்.

மூன்றாமவர், "ஆறு மாசத்துக்கு வட்டியும் இல்லை, கட்டணமும் இல்லை." உண்மையிலேயே இலவசம். மாதம் 50,000 கட்ட ஏலுமென்றால். மாதம் 50,000 எடுத்து வைக்க ஏலுமான ஆளுக்கு 3 லட்சம் கார்ட் கடன் ஏன் வந்தது என்பது வேறு கேள்வி.

ஆக, 0, 12, 0 என்ற மூன்று எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றும் விளங்காது. அம்மா அடகுக் கவுண்டரில் என்ன கேட்பா? பவுணுக்கு எவ்வளவு தருவியள், வட்டி என்ன, ஒரு வருசத்தால மீட்கேக்க எல்லாமாக எவ்வளவு காசு கொண்டு வரவேணும். கடைசிக் கேள்விதான் முக்கியம். வீதத்தில் இல்லை, ரூபாயில் கேட்கிறா. கார்ட் அழைப்பு எடுக்கிற பிள்ளையிடம் "எல்லாமாகக் கடைசியில எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கோ. "மாசம் இவ்வளவுதான் சேர்" என்றுதான் திரும்பத் திரும்ப வரும். அந்தப் பிள்ளையில் பிழை இல்லை, அதுக்கும் ஒரு டார்கெட் இருக்கு.

ஆனால் அம்மாவின் முறைக்கும் கார்ட்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கு. எனக்கு உண்மையில் பயம் தருகிற இடம் அதுதான். அடகை மாற்றும்போது சங்கிலி ஒன்றுதான். அது ஒரு நேரத்தில் ஒரு வங்கியின் பெட்டகத்தில்தான் கிடக்க ஏலும். கார்ட் அப்படி இல்லை. 3 லட்சத்தைப் புது வங்கி பொறுப்பெடுத்தவுடன், பழைய கார்ட்டில் 3 லட்சம் லிமிட் துடைத்து வைத்த கோப்பை மாதிரி வெறுமையாகக் கிடக்கும். பழைய வங்கி தானாக அதை மூடாது. மூட வேணுமென்றால் நீங்கள்தான் எழுதிக் குடுக்க வேணும். அப்படிக் குடுக்கப் போனால் "ஏன் சேர் மூடுறியள், வருசக் கட்டணத்தைக் கழிச்சுத் தாறம்" என்பார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு அண்ணா, கொழும்பில் தனியார் நிறுவனத்தில் வேலை. 2022இல் அப்பாவின் சத்திரசிகிச்சைக்குக் கார்ட்டில் காசு எடுத்தார். வட்டி ஏறினவுடன் மாற்றினார். கணக்கெல்லாம் சரியாகத்தான் போட்டார். பழைய கார்ட்டை 'அவசரத்துக்கு' என்று வைத்திருந்தார். தங்கச்சியின் கலியாணம் வந்தது, அது அவசரம்தானே. அதையும் மாற்றினார். இப்ப மூன்று வங்கி, மூன்று தவணைத் திகதி. சம்பளம் வந்த அன்றே முக்கால்வாசி போய்விடும், மிச்ச நாட்களுக்குச் சாப்பாடும் பஸ்ஸும் நாலாவது கார்ட்டில். வீட்டுக்கு இன்னும் தெரியாது. வீட்டில் அவர் 'கெட்டிக்காரன்'. அவருடைய அம்மாவின் அடகுச் சீட்டுகள் எங்கே எத்தனை இருக்கு என்று சொந்தக்காரர் எல்லாருக்கும் தெரியும், அவருடைய கார்ட் எத்தனை என்று ஒருத்தருக்கும் தெரியாது. அடகுக்கு இருக்கிற வெட்கம் ஒரு வகையில் வேலியாகவும் நிற்கிறது. பெரியம்மா ஒருத்தி வந்து "இனிக் காணும், நிப்பாட்டு" என்று சொல்லுவா. கார்ட்டுக்கு அப்படிச் சொல்ல ஆள் இல்லை. வெட்கம் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை, அந்தச் சனத்தின் வாயை எனக்கும் தெரியும். ஆனால் கடனைப் பற்றி வீட்டில் கதைக்க ஏலாத அளவுக்கு அதை நாகரிகமாக்கி வைத்திருக்கிறோம்.

மொழியையும் சொல்லாமல் விட ஏலாது. விளம்பரம் நல்ல தமிழில் வருகிறது. பொங்கலுக்கு வாழ்த்தும் வருகிறது. நான் பார்த்த நிபந்தனைத் தாள்கள் ஆங்கிலத்தில், அதுவும் எறும்பு எழுத்தில். ஒரு தவணை தவறினால் சலுகை ரத்தாகிச் சாதாரண கார்ட் வட்டிக்குத் திரும்புவது, முந்திக் கட்டி முடித்தால் அதற்கும் ஒரு கட்டணம், புதுக் கார்ட்டில் வாங்குகிற சாமானுக்குச் சலுகை வட்டி பொருந்தாதது, இப்படியான சங்கதிகள் எல்லாம் அந்த எறும்புகளுக்குள்தான் இருக்கும். ஆங்கிலத்தில் கையெழுத்து வைக்கப் பழகிவிட்டோம், வாசிக்கப் பழகவில்லை. வெட்கப்படாமல் "தமிழில தாங்கோ, இல்லையெண்டால் வாசிச்சு விளங்கப்படுத்துங்கோ" என்று கேளுங்கோ. வங்கியில் பதில் கிடைக்காவிட்டால் மத்திய வங்கியில் நிதி நுகர்வோர் தொடர்புகளுக்கென்றே ஒரு திணைக்களம் இருக்கு, அங்கே முறைப்பாடு குடுக்கலாம்.

இன்னொரு இடமும் தெரிந்திருக்க வேணும். 1990இல் சட்டம் போட்டு உருவாக்கின கடன் தகவல் பணியகம், ஆக்கள் 'கிரிப்' என்று சொல்லுவது. எந்த வங்கியில் என்ன கடன், எப்போது பிந்தினது எல்லாம் அங்கே பதிவு. உங்கட அறிக்கையை நீங்களே கேட்டு எடுக்கலாம். மாற்றுவதற்கு முதல் அதை எடுத்துப் பார்க்கிறது நல்லது. பிந்தின பதிவு இருந்தால் நல்ல திட்டங்களுக்கு உங்கட பெயர் போகாது. இரண்டாவது வகைத் திட்டம்தான் உங்களைத் தேடி வரும்.

ஏற்கெனவே மூன்று கார்ட்டுக்குள் நிற்கிறவர்களுக்கு நாலாவது மாற்றம் உதவாது என்றுதான் நினைக்கிறேன். அந்த நிலையில் கடன் பெரிதாக இருக்கிற வங்கிக்கே நேரே போய், எல்லாவற்றையும் ஒரு தனிநபர் கடனாக, நிலையான தவணையோடு, குறைந்துசெல்லும் மீதிக்கு வட்டி போடுகிற முறையில் ஆக்கித் தர ஏலுமா என்று கேட்க வேணும். அதற்கும் முதல் வீட்டில் ஒரு ஆளுக்காவது முழுத்தொகையைச் சொல்ல வேணும். அந்த அண்ணாவுக்கு நான் இதைச் சொன்னேன். வங்கிக்குப் போவதற்கு ஓமென்றார். அம்மாவிடம் சொல்லுகிறதுக்கு, "தைப்பொங்கல் முடியட்டும், பாப்பம்" என்றார்.