விடாத இருமலுக்குக் குளிர் மட்டும்தான் காரணமா?
பெங்களூரு தமிழ்க் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய ஆஸ்துமா

அல்சூர், சிவாஜிநகர், ஸ்ரீராமபுரம் பகுதிகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "ஊருக்குப் போனால் இருமல் நின்றுவிடுகிறது. திரும்பி வந்தால் தொடங்கிவிடுகிறது. பெங்களூரு குளிர் ஒத்துக்கொள்ளவில்லை." இப்படிச் சொல்லிவிட்டு, கடையில் ஒரு புட்டி இருமல் மருந்து வாங்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடுகிறார்கள்.

காரணம் குளிர் மட்டும்தானா?

பெங்களூரு குழந்தைகள் நல டாக்டர் எச்.பரமேஷ், தமது மருத்துவமனைக்கு வந்த 20 ஆயிரம் குழந்தைகளின் விவரங்களை ஆராய்ந்தார். 1979-ல் அவர்களில் 9 சதவீதம் பேருக்கு ஆஸ்துமா இருந்தது. 1999-ல் அது 29.5 சதவீதமாக உயர்ந்தது. இது மருத்துவமனைக்கு வந்தவர்களின் கணக்குதான். ஊர் முழுவதற்குமான கணக்கு அல்ல.

ஆனால், பள்ளிகளில் அவர் எடுத்த கணக்கு சிந்திக்க வைக்கிறது. போக்குவரத்து குறைந்த பகுதிப் பள்ளிகளில் சுமார் 11 சதவீதம். நெரிசல் மிகுந்த பகுதிகளில் 19 சதவீதம். நெரிசலும் வறுமையும் சேர்ந்த இடங்களில் 31 சதவீதம்! குளிர் எல்லோருக்கும் ஒன்றுதான். புகையும் தூசியும்தான் ஏழைக்கு அதிகம்.

யாருக்கு வரும்?

பெற்றோருக்கு ஆஸ்துமா, தும்மல், தோல் ஒவ்வாமை இருந்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு அதிகம். வீட்டில் பீடி, சிகரெட் புகை, விறகடுப்புப் புகை, கொசுவத்திப் புகை, சுவரில் பூஞ்சை, கரப்பான் பூச்சி, மெத்தைத் தூசி ஆகியவை நோயைத் தூண்டும்.

பெரியவர்களுக்கு வேலை செய்யும் இடத்திலிருந்தும் வரலாம். பேக்கரி மாவு, மரத்தூள், வாகனங்களுக்கு அடிக்கும் ஸ்பிரே பெயின்ட், ரசாயன ஆவி ஆகியவை இதில் முக்கியமானவை. விடுமுறை நாளில் மூச்சு சீராகி, வேலைக்குப் போனதும் மீண்டும் இறுகினால், அது பெரிய துப்பு. டாக்டரிடம் இதை மறக்காமல் சொல்ல வேண்டும்.

அறிகுறிகள்

மூச்சு விடும்போது விசில் போன்ற சத்தம், நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல், இருமல். இவை வந்து வந்து போகும். இரவிலும் விடியற்காலையிலும் அதிகமாகும். சில குழந்தைகளுக்கு இருமல் மட்டுமே இருக்கும். ஓடி விளையாடினாலோ, சிரித்தாலோ இருமும் குழந்தையை "சளி பிடித்த உடம்பு" என்று விட்டுவிடக் கூடாது.

பேச முடியாத திணறல், உதடு நீலமாதல், விலா எலும்புகளுக்கு இடையே சதை உள்ளிழுத்தல் ஆகியவை கண்டால் ஒரு நிமிடமும் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

கண்டுபிடிப்பது எப்படி?

எக்ஸ்ரே சரியாக இருந்தாலும் ஆஸ்துமா இருக்கலாம். "ஸ்பைரோமெட்ரி" என்ற ஊதும் பரிசோதனைதான் முக்கியம். ஒரு முறை ஊதச் சொல்லி, மூச்சுக்குழலை விரிக்கும் மருந்து கொடுத்து, மறுபடி ஊதச் சொல்வார்கள். இரண்டாவது அளவு நன்றாக உயர்ந்தால் ஆஸ்துமா என்று கொள்ளலாம். நோய் அடங்கியிருக்கும் நாளில் அளவு சரியாகவே இருக்கக்கூடும். அப்போது மீண்டும் பார்க்க வேண்டும். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளால் பெரும்பாலும் சரியாக ஊத முடியாது. அங்கே தாய் சொல்லும் விவரமே டாக்டருக்கு வழிகாட்டி.

இருமல் 2 வாரத்தைத் தாண்டினால் காசநோய்க்கும் சளிப் பரிசோதனை அவசியம். அரசு மருத்துவமனைகளில் இது இலவசம். பெங்களூருவில் அரசின் ராஜீவ் காந்தி நெஞ்சக நோய் மருத்துவமனை இருக்கிறது. இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்களுக்கு ராஜாஜிநகர், இந்திராநகர் மருத்துவமனைகள் உண்டு. வேலையால் வரும் ஆஸ்துமா, சட்டப் பட்டியலில் தொழில் நோயாகவே இடம்பெற்றுள்ளது. நஷ்டஈடு கேட்க டாக்டரின் சீட்டு வேண்டும். இருமல் மருந்துப் புட்டி சாட்சி சொல்லாது.

மறைப்பதால் வரும் கேடு

2019-ம் ஆண்டு மதிப்பீட்டின்படி, உலக ஆஸ்துமா நோயாளிகளில் சுமார் 13 சதவீதம் பேர் இந்தியர்கள். ஆனால் ஆஸ்துமா மரணங்களில் 40 சதவீதத்துக்கு மேல் இந்தியாவில்தான். நோயைக் காலத்தில் கண்டுபிடிக்காததும், முறையான மருந்து எடுக்காததும் இதற்குப் பெரிய காரணங்கள்.

"பெண்ணுக்கு இன்ஹேலர் என்றால் வரன் வராது", "ஒருமுறை இழுத்தால் விடவே முடியாது" என்ற பேச்சுகளால் மறைப்பவர்கள் பலர். இன்ஹேலர் போதைப் பழக்கம் அல்ல. மாத்திரையைவிட மிகக் குறைந்த அளவு மருந்து, நேரே மூச்சுக்குழலுக்குப் போகிறது, அவ்வளவுதான்.

அடுத்த முறை ஊருக்குப் போய் இருமல் நின்றால், மகிழ்ந்து மறந்துவிட வேண்டாம். அந்தத் தேதியைக் குறித்து வைத்து, திரும்பியதும் டாக்டரிடம் காட்டுவதே புத்திசாலித்தனம்.